அரியர் இல்லாதவர்கள் மட்டும் ஃபீஸ் கட்டாத கதை: தசமத்தையும் முழு எண்ணையும் ஒப்பிடுவது பற்றி

இந்தக் குறிப்பை ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். தள்ளிப்போட்டதற்குக் காரணம், தப்பு செய்தது நான்தான். இப்போது எழுதுவதற்குக் காரணம், அந்தத் தப்புக்கு மருந்து தேடிப் போன இடத்தில் எல்லாம் கிடைத்த ஆலோசனைகள். அவற்றில் பாதி இன்னொரு தப்பில் கொண்டுபோய் விடுகின்றன. அந்த ஆலோசனைகளைப் பற்றிய விமர்சனம்தான் இது. முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கல்லூரிக்கு தேர்வுக் கட்டணம் வாங்கும் இணையப் பக்கம் செய்து கொடுத்தோம். விண்ணப்பத்துக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் சேர்த்து 250 ரூபாய், ஒரு தாளுக்கு 150 ரூபாய். ஆன்லைனில் கட்டினால் சேவைக் கட்டணம் 25.50, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 4.59, ஆகமொத்தம் 30.09. ஆறு தாள் எழுதும் மாணவர் கட்ட வேண்டியது 1180 ரூபாய் 9 பைசா.

டேட்டாபேஸில் தொகை டெசிமல் வகையில் இருந்தது. பணம் வாங்கித் தரும் கேட்வே எல்லாத் தொகையையும் பைசாவில், முழு எண்ணாகத் திருப்பித் தரும்: 118009. நான் எழுதிய வரி இதுதான்: நம்முடைய தொகையை 100ஆல் பெருக்கு, கேட்வே சொன்ன எண்ணோடு ஒப்பிடு, சமம் என்றால் 'கட்டியாயிற்று', இல்லை என்றால் 'கட்டவில்லை'. இதைவிட எளிமையான வரி இருக்க முடியாது.

முதல் நாளே போன் வர ஆரம்பித்துவிட்டது. பேங்கில் பணம் எடுத்தாச்சு, பக்கத்தில் கட்டவில்லை என்று காட்டுகிறது. ஒரு மாணவியின் அப்பா பேசினது இன்னும் காதில் இருக்கிறது. "சார், ரெண்டு தடவை கட்டிட்டேன். ரெண்டு தடவையும் கட்டலைன்னுதான் வருது. ஹால் டிக்கெட் தரமாட்டேங்கறாங்க. மூணாவது தடவையும் கட்டணுமா சார்?" எங்கள் சப்போர்ட் ஆள் வழக்கமான பதிலைச் சொன்னார்: "சர்வர் பிரச்சனை, 48 மணி நேரம் பாருங்க." சர்வரில் ஒரு பிரச்சனையும் இல்லை.

லாகை எடுத்துப் பார்த்தேன். 'கட்ட வேண்டியது 1180.09, கட்டியது 1180.09, நிலை: பொருந்தவில்லை.' இரண்டு எண்ணும் ஒன்றேதான். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜூனியர் பையன்தான் பட்டியலை வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது வேடிக்கையா இருக்கு. அரியர் வச்சிருக்கறவனுக்கெல்லாம் கட்டினதா காட்டுது. அரியர் இல்லாதவனுக்குத்தான் கட்டலைன்னு வருது" என்றான். உண்மைதான். ஐந்து தாள், ஆறு தாள் எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் மாட்டியிருந்தார்கள். ஏழு தாளும் அதற்கு மேலும் எழுதுகிறவர்களுக்குப் பிரச்சனை இல்லை. நாலு தாள் எழுதுகிறவர்களுக்கும் இல்லை.

ஏன் ஆறு தாளுக்கு மட்டும்?

ஜாவாஸ்கிரிப்ட்டில் 1180.09 * 100 போட்டுப் பாருங்கள். 118008.99999999999 என்று வரும். 1330.09 * 100 போட்டால் சரியாக 133009 வரும். இதைப் பார்த்ததும் 'ஃப்ளோட்டிங் பாயின்ட் அப்படித்தான், நம்ப முடியாது' என்று சொல்லி நகர்ந்துவிடுவது நம் தொழிலில் வழக்கம். அந்தச் சொல்லோடுதான் எனக்கு முதல் சண்டை. இதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. பேப்பர் பென்சில் வைத்துக் கணக்குப் போட்டே எந்தத் தொகை தவறும், எது தவறாது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஜாவாஸ்கிரிப்ட் எண்கள் ஐஇஇஇ 754 என்ற 1985ஆம் வருடத் தரத்தின் 64 பிட் வடிவத்தில் இருக்கின்றன. குறிக்கு 1 பிட், அடுக்குக்கு 11, மிச்சம் 52 பிட் எண்ணின் இலக்கங்களுக்கு. இலக்கங்களுக்கு இடம் இவ்வளவுதான் என்பதால், எண் பெரிதாக ஆக அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் பெரிதாகும். 1024க்கும் 2048க்கும் நடுவே இடைவெளி 2இன் அடுக்கு -42. இந்த இடைவெளியை ஓர் 'அலகு' என்று வைத்துக்கொள்வோம்.

1180.09 இந்தக் கட்டங்களில் எதிலும் சரியாக உட்காராது. பக்கத்தில் இருக்கும் கட்டத்துக்குத் தள்ளப்படும். கணக்குப் போட்டால் 0.36 அலகு கீழே போகிறது. நூறால் பெருக்கினால் பிழை 36 அலகு. விடை 118009க்குப் பக்கத்தில் வரவேண்டும். 65536க்கும் 131072க்கும் நடுவே கட்டங்களின் இடைவெளி 64 அலகு, அதில் பாதி 32. பிழை 36 என்பது 32ஐத் தாண்டிவிட்டதால், விடை 118009ஐ விட்டு அதற்கு முந்தின கட்டத்துக்கு விழுகிறது.

1330.09இலும் பிழை அதே 36 அலகுதான். ஆனால் விடை 131072ஐத் தாண்டிவிட்டது. அங்கே இடைவெளி 128 அலகு, பாதி 64. 36 அதற்குள் அடங்கிவிடுவதால் விடை ஒழுங்காக 133009க்கே வந்து சேர்கிறது. ஏழு தாள் எழுதுகிறவரின் கணக்கில் பிழை இல்லாமல் இல்லை. பிழை மறைந்துபோகும் அளவுக்குக் கட்டம் அகலமாக இருந்தது, அவ்வளவுதான்.

இதே கணக்கை நீட்டினால் இன்னொன்று கிடைக்கும். 1024 ரூபாயிலிருந்து 1310 ரூபாய் 71 பைசா வரை, ஒவ்வொரு ரூபாய்க்கும் உள்ள 100 பைசா மதிப்புகளில் 32 மதிப்புகள் இந்தப் பெருக்கலில் தவறும். 09 முதல் 16 வரை, 34 முதல் 41 வரை, 59 முதல் 66 வரை, 84 முதல் 91 வரை. மற்ற 68ம் தவறாது. மூன்றில் ஒன்று தவறும் வரியை எழுதிவிட்டு, சோதனையில் எப்படிப் பிடிபடாமல் போனது?

ஏனென்றால் சோதனை செய்கிறவர்கள் மனிதர்கள். நாம் சோதிக்க அடிக்கும் எண்கள் 100, 500.50, 999.75 இப்படித்தான் இருக்கும். பைசா இலக்கங்கள் நூறில் இரண்டடிமான முறையில் துல்லியமாக எழுத முடிந்தவை நாலே நாலுதான்: .00, .25, .50, .75. நம் கை இயல்பாகப் போவது அந்த நாலுக்குத்தான். எங்கள் சோதனைத் தளத்தில் சேவைக் கட்டணம் பூஜ்யம் என்று வைத்திருந்தோம். எல்லாத் தொகையும் முழு ரூபாய். எல்லாம் பச்சை விளக்கு.

இங்கே ஒரு சின்ன உபரித் தகவல். 1957 ஏப்ரல் 1க்கு முன்னால் நம் ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணா 0.0625 ரூபாய். இது இரண்டடிமானத்தில் துல்லியமாக உட்காரும். அப்போதைய பழைய பைசா ரூபாயில் 64இல் ஒரு பங்கு, அதுவும் உட்காரும். ரூபாயில் 192இல் ஒரு பங்கான பைதான் உட்காராது. அணாவிலேயே நாம் நின்றிருந்தால் என் வரி தவறியிருக்காது. எட்டணா, நாலணா என்று பாதியாக மடித்துக்கொண்டே போகிற நாணயமும் கம்ப்யூட்டரும் ஒரே ஜாதி. பத்தால் வகுக்கிற நாணயம் வேறு. பிழை என்பது எண்ணிலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை. இரண்டு எழுத்துமுறைகள் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆலோசனைகளைப் பார்ப்போம்.

ஆலோசனை ஒன்று: இரண்டு பக்கமும் டோஃபிக்ஸ்ட் போடு

அதிகம் கிடைக்கும் பதில் இது. இரண்டு எண்ணையும் இரண்டு தசம இடத்துக்கு வெட்டிவிட்டு ஒப்பிடு. சமமா என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் வேலை செய்யும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டோஃபிக்ஸ்ட் தருவது எண் இல்லை, எழுத்துச் சரம். இன்றைக்கு 'சமமா' என்று கேட்கிற வரி, நாளைக்கு யாரோ ஒருவர் கையில் 'குறைவில்லாமல் கட்டியிருக்கிறாரா' என்று மாறும். அப்போது "99.00" >= "1180.09" என்பது உண்மை என்று வரும். சரங்களை அகராதி வரிசையில்தான் ஒப்பிடுவார்கள். 9 என்பது 1க்குப் பின்னால் வருகிறது, முடிந்தது. 99 ரூபாய் கட்டினவருக்கு ஹால் டிக்கெட் கிடைத்துவிடும். கட்டினவரைத் தடுத்த வரியைத் திருத்தப் போய், கட்டாதவரை உள்ளே விடுகிற வரியாக ஆக்கியிருப்போம்.

அடுத்தது, டோஃபிக்ஸ்ட் சரியாக முழுமையாக்கும் என்ற நம்பிக்கை. 1.005ஐ இரண்டு இடத்துக்குக் கேட்டுப் பாருங்கள். 1.01 வரும் என்று நினைப்போம், 1.00 வரும். உள்ளே இருக்கும் எண் 1.005ஐவிடக் கொஞ்சம் குறைவு என்பதால் அது செய்தது சரி. நாம் எழுதியதற்கும் அது வைத்திருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மறைப்பதுதான் டோஃபிக்ஸ்ட்டின் வேலை. திரையில் காட்ட அது நல்ல கருவி. விசாரணைக்கு உதவாது. என் லாகில் இரண்டு பக்கமும் 1180.09 என்று காட்டி அரை மணி நேரம் என்னை உட்கார வைத்தது இதே டோஃபிக்ஸ்ட்தான்.

ஆலோசனை இரண்டு: எப்சிலன் வைத்துக்கொள்

கொஞ்சம் படித்தவர்கள் சொல்லும் பதில் இது. இரண்டு எண்ணின் வித்தியாசம் நம்பர்.எப்சிலனைவிடக் குறைவு என்றால் சமம் என்று வைத்துக்கொள். 2015ஆம் வருட எக்மாஸ்கிரிப்ட்டில் இந்த மாறிலி வந்தது. பெயரைப் பார்த்தால் இதற்காகவே செய்தது மாதிரி இருக்கும். 0.1 + 0.2ஐயும் 0.3ஐயும் வைத்துச் சோதித்துக் காட்டுவார்கள், வேலையும் செய்யும். எடுத்துக்காட்டு அதோடு முடிந்துவிடும்.

1.1 + 2.2ஐயும் 3.3ஐயும் வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். தோற்றுவிடும். எப்சிலன் என்பது 1க்கும் அதற்கு அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி, 2இன் அடுக்கு -52. எண் 2ஐத் தொட்டதுமே இடைவெளி அதைவிடப் பெரிதாகிவிடும். இரண்டு எண்ணும் 2க்கு மேல் போய்விட்டால், வித்தியாசம் எப்சிலனைவிடக் குறைவாக இருக்க ஒரே வழி, இரண்டும் அதே எண்ணாக இருப்பது. அதாவது நீங்கள் எழுதியது === தான், சுற்றி வளைத்து. எங்கள் கேஸில் 118009க்கும் வந்த விடைக்கும் உள்ள வித்தியாசம் எப்சிலனைப்போல 65536 மடங்கு. இந்த ஆலோசனையைக் கேட்டிருந்தால் ஒரு மாணவருக்கும் ஹால் டிக்கெட் கிடைத்திருக்காது. கூடவே 'நாமதான் எப்சிலன் போட்டிருக்கோமே' என்ற நிம்மதி வேறு வந்திருக்கும்.

சரி, நாமே ஒரு அளவு வைத்துக்கொள்ளலாம், அரை பைசா என்று வையுங்கள். வேலை செய்யும். ஆனால் அப்போது 'சமம்' என்ற சொல்லின் அர்த்தம் மாறிவிட்டது என்பதை யாரும் சொல்வதில்லை. ஒன்றும் இரண்டும் கிட்டத்தட்டச் சமம், இரண்டும் மூன்றும் கிட்டத்தட்டச் சமம் என்பதால் ஒன்றும் மூன்றும் கிட்டத்தட்டச் சமம் ஆகிவிடாது. வரிசைப்படுத்தவோ ஒரே தொகையை ஒரே குழுவில் சேர்க்கவோ இந்தச் சமத்தை நம்பினால் வேறொரு நாள் வேறொரு போன் வரும். வெப்பநிலை, தூரம், ஜிபிஎஸ் இடம் மாதிரி அளந்து எடுக்கிற எண்களுக்கு இந்த முறை பொருந்தும். அங்கே எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை அளக்கும் கருவி சொல்லும், மொழியின் மாறிலி சொல்லாது. பணம் அளந்து எடுக்கிற பொருள் இல்லை, எண்ணி வாங்குகிற பொருள்.

ஆலோசனை மூன்று: மூன்று சமக்குறி போடு, எல்லாம் சரியாகும்

இது ஆலோசனை என்பதைவிடப் பக்தி என்று சொல்லலாம். இரண்டு சமக்குறி கெட்டது, மூன்று நல்லது என்ற ஒரு வரியில் எத்தனையோ பேர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். வகை மாற்றம் நடக்காமல் தடுக்கும் என்பது உண்மை. எங்கள் வரியில் மூன்று சமக்குறிதான் இருந்தது.

வகைப் பிரச்சனை ஒப்பிடும் வரிக்கு வருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. நோடில் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் இரண்டுக்கும் புழக்கத்தில் உள்ள டிரைவர்கள் தசமத் தொகையை வழக்கமாக எழுத்துச் சரமாகவே கொடுக்கின்றன. காரணம் நியாயமானது: எண்ணாக மாற்றினால் துல்லியம் போகும், அந்தப் பாவத்தை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் பெருக்கல் குறியைப் பார்த்ததும் சரத்தைச் சத்தமில்லாமல் எண்ணாக மாற்றிவிடும். டிரைவர் செய்ய மறுத்த பாவத்தை என் பெருக்கல் குறி செய்துவிட்டது. கூட்டல் குறியாக இருந்தால் இன்னும் மோசம், இரண்டு சரங்களும் ஒட்டிக்கொள்ளும்.

ஒரே குறிக்கு மொழிக்கு மொழி அர்த்தமும் மாறும். ஜாவாஸ்கிரிப்ட்டில் 10 === 10.0 உண்மை, ஏனென்றால் அங்கே முழு எண், தசமம் என்று இரண்டு வகையே இல்லை. பிஎச்பியில் அதே வரி பொய், முழு எண்ணும் ஃப்ளோட்டும் வேறு வேறு வகை. இரண்டுக்கும் நடுவே ஜேசான் ஓடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் 10.0ஐ அனுப்பும்போது 10 என்றே அனுப்பும். பிஎச்பி அதை முழு எண்ணாக எடுத்துக்கொள்ளும். 10.5 என்றால் ஃப்ளோட்டாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் யாராவது 'ஃப்ளோட்டாக இருந்தால்தான் ஏற்பேன்' என்று எழுதியிருந்தால், முழு ரூபாய் கட்டினவர் மட்டும் திருப்பி அனுப்பப்படுவார். மறுபடியும் ஒரு 'அரியர் இல்லாதவன்' கதை. பிஎச்பியின் இரண்டு சமக்குறியோ 2020 நவம்பரில் 8ஆம் பதிப்பு வரும் வரை 0ஐயும் "abc" மாதிரி எந்தச் சொல்லையும் சமம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாறினாலே விடை மாறும்.

நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் காற்புள்ளி. திரைக்காக "1,180.09" என்று அழகுபடுத்தின தொகையை யாரோ திரும்ப எண்ணாக மாற்றுவார்கள். பார்ஸ்ஃப்ளோட் காற்புள்ளியில் நின்றுவிடும், விடை 1. ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்தை "1,18,000" என்று கொடுத்தாலும் விடை அதே 1. நம்பர் என்ற மாற்றி 'இது எண்ணே இல்லை' என்று நேன் தரும். நேன் எதைவிடவும் பெரிதில்லை, எதைவிடவும் சிறிதில்லை, தனக்குத்தானே சமமும் இல்லை. எந்தக் கேள்வி கேட்டாலும் பொய் என்றே பதில். 'கட்ட வேண்டியதைவிடக் குறைவா' என்று கேட்டு எழுதினால் பணம் கட்டாதவர் தப்பிப்பார். 'கட்ட வேண்டிய அளவு இருக்கிறதா' என்று கேட்டு எழுதினால் கட்டினவர் மாட்டுவார். இரண்டும் ஒரே கேள்வி என்றுதான் கோடு எழுதும்போது நினைத்திருப்போம்.

நியாயமாகச் சொல்ல வேண்டியது

விமர்சனம் என்றால் நல்லதையும் சொல்லணும். நூறால் பெருக்கி, பக்கத்து முழு எண்ணுக்கு முழுமையாக்கு என்ற எளிய பதில் எங்கள் மாதிரித் தொகைகளுக்கு வேலை செய்யும். அன்றைக்கு ராத்திரி நான் போட்ட அவசர ஒட்டும் அதுதான். பதினோராவது தசம இடத்தில் இருக்கும் பிழையை முழுமையாக்கல் ஒழித்துவிடும். ஆனால் பார்ஸ்இன்ட் போட்டு வெட்டக்கூடாது. 19.99 * 100 என்பது 1998.9999999999998, வெட்டினால் 1998. ஒரு பைசா போயிற்று.

ஜாவாஸ்கிரிப்ட்டையும் முழுக்கத் திட்ட முடியாது. 1995இல் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவத்தைச் செய்தபோது ஒரே எண் வகை வைத்ததில் ஒரு கணக்கு இருந்தது. 9007199254740991 வரை முழு எண்கள் ஒவ்வொன்றும் அதில் துல்லியம். பைசாவில் வைத்தால் 90 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஒரு கல்லூரியின் தேர்வுக் கட்டணத்துக்குத் தாராளமாகப் போதும். நாம் பைசாவிலேயே எண்ணியிருந்தால் இந்த மொழி ஒரு தடவைகூட நம்மை ஏமாற்றியிருக்காது.

அந்த எல்லையைத் தாண்டினால் கதை வேறு. 9007199254740993 என்று எழுதினால் உள்ளே 9007199254740992 ஆகிவிடும், இரண்டும் 'சமம்'. ட்விட்டர் தன் பதிவு எண்கள் 53 பிட்டைத் தாண்டப்போவதைப் பார்த்து 2010இல் ஒவ்வொரு எண்ணோடும் அதன் சர வடிவத்தையும் சேர்த்து அனுப்ப ஆரம்பித்தது. 2020இல் பிக்இன்ட் என்ற வகை வந்தது. ஆனால் பதிவு எண்ணுக்குப் பிக்இன்ட் தேடுவதே தப்பு என்பேன். பதிவு எண், விண்ணப்ப எண், போன் எண் எதையும் நாம் கூட்டுவதில்லை, கழிப்பதில்லை. அவை இலக்கத்தில் எழுதின பெயர்கள். "00451" என்ற விண்ணப்பத்தை எண்ணாக்கினால் 451 ஆகி, வேறு யாரோ ஆகிவிடும்.

பாடத்தில் எங்கே இடைவெளி?

இந்த விஷயத்தில் எல்லாரும் கைகாட்டும் கட்டுரை டேவிட் கோல்ட்பெர்க் 1991இல் ஏசிஎம் கம்ப்யூட்டிங் சர்வேஸ் இதழில் எழுதினது. நல்ல கட்டுரை, ஃப்ளோட்டைப் புரிந்துகொள்ள இன்றைக்கும் அதுதான் அடிப்படை. ஆனால் அது தசமக் கணிப்பின் உள்ளே நடப்பதைச் சொல்கிறது. வெப்பில் எண் கணிப்புக்கு வருவதற்கு முன்பே படிவத்தில் சரமாக, ஜேசானில் வகையில்லாமல், டேட்டாபேஸில் டெசிமலாக, கேட்வேயில் பைசாவாக நாலு வேஷம் போட்டுவிடுகிறது. அந்த வேஷ மாற்றத்தைப் பற்றி 1991இல் எழுத முடியாது. இன்றைய பாடங்களும் எழுதுவதில்லை. 0.1 + 0.2இல் ஆரம்பிக்கும், 0.30000000000000004ஐக் காட்டிச் சிரிக்கும், முடிந்துவிடும். அந்த எண்ணுக்கென்றே ஓர் இணையதளம்கூட இருக்கிறது. சிரித்து முடித்தவர்களுக்குக் கற்றுக்கொண்ட திருப்தி. மறுநாள் என் வரியை எழுதுவார்கள். நானும் பிஇயில் நியூமரிக்கல் மெதட்ஸ் படித்துப் பாஸ் பண்ணினவன்தான்.

ஆலோசனைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று: ஒப்பிடும் வரியில்தான் நோய் என்று நினைக்கிறார்கள். அங்கே தெரிவது காய்ச்சல்தான். எண் உள்ளே நுழையும் வாசலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இது எண்ணி வந்ததா, அளந்து வந்ததா, வெறும் பெயரா? எண்ணி வந்தது என்றால் அதன் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வை. அளந்து வந்தது என்றால் ஃப்ளோட்டாக வைத்து, எவ்வளவு வித்தியாசம் பொறுக்கலாம் என்று நீயே எழுதி வை. பெயர் என்றால் சரமாகவே விடு. இதை முடிவு செய்துவிட்டால் ஒப்பிடும் வரியில் தந்திரம் எதுவும் தேவைப்படாது.

சதவீதக் கேள்விகளிலும் இதே வழி உதவும். 50க்கு 29 எடுத்தவர் 58 சதவீதம். 29 / 50 * 100 என்று போட்டால் 57.99999999999999 வரும். 58 கட்ஆஃப் என்றால் அவர் வெளியே. வகுக்காமல், 29 * 100 என்பது 58 * 50ஐவிடக் குறையாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் 2900. தசமமே வேண்டியதில்லை.

முழு எண்ணுக்கு மாறினால் எல்லாம் தீர்ந்தது என்றும் சொல்லமாட்டேன். 2550 பைசாவுக்கு 18 சதவீதம் 459, சுத்தமாக வகுபடுகிறது. 2555 பைசா என்றால் 459.9, அந்தப் பைசாவை மேலே தள்ளுவதா கீழே தள்ளுவதா என்று யாராவது முடிவு செய்தே ஆகணும். ஃப்ளோட் அந்த முடிவை நமக்குத் தெரியாமல் எடுத்தது. முழு எண் அதை நம் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. கணக்குப் பிரிவில் போய்க் கேட்டு, அவர்கள் சொன்னபடி எழுதணும்.

நாங்கள் கடைசியில் செய்தது இவ்வளவுதான். தொகைக்குப் பைசாவில் முழு எண் காலம். டேட்டாபேஸிலிருந்து வரும் சரத்தைப் புள்ளியில் பிரித்து, இரண்டு பக்கத்தையும் தனித்தனி முழு எண்ணாக்கி, ரூபாயை நூறால் பெருக்கிப் பைசாவைக் கூட்டுவது. நடுவில் ஃப்ளோட் வராது. காற்புள்ளியோ மூன்றாவது தசம இடமோ இருந்தால் அங்கேயே நிறுத்திப் பிழை சொல்வது. சோதனைத் தொகைகளில் 1180.09ஐ நிரந்தரமாகச் சேர்த்தாயிற்று. லாகில் எண்களை வெட்டாமல் முழுசாக எழுதுகிறோம்.

நான் ரொம்ப யோசித்து மாற்றினது திரையில் வரும் சொல்லை. ஒப்பிட்டதில் பொய் என்று வந்தால் 'கட்டவில்லை' என்று காட்டினோம். அந்த விடைக்கு அந்த அர்த்தம் கிடையாது. இரண்டு எண் பொருந்தவில்லை என்பதுதான் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது. அதை ஒரு குடும்பத்தின் மேல் குற்றச்சாட்டாக மொழிபெயர்த்தது நான். இப்போது பணம் வந்து தொகை பொருந்தவில்லை என்றால் 'தொகை வந்துள்ளது, சரிபார்க்கிறோம், மறுபடி கட்ட வேண்டாம்' என்று வருகிறது. அந்த நிலையில் இருக்கிறவர்களின் ஹால் டிக்கெட்டை நிறுத்தக்கூடாது என்று கல்லூரியோடு பேசி எழுதி வாங்கினோம்.

இரண்டு தடவை கட்டினவர்களுக்கெல்லாம் பணம் திரும்பப் போயிற்று. அந்த அப்பாவுக்கு நானே போன் பண்ணினேன். என்ன ஆச்சு என்று கேட்டார். 1180.09ஐ இரண்டடிமானத்தில் எழுத முடியாது என்று அவரிடம் சொல்லவில்லை. "நான் கணக்கு தப்பா எழுதிட்டேங்க" என்றேன். "சரி சார், பொண்ணு பரீட்சை எழுதிட்டா" என்றார்.